லெப்டொப்பை நாமே பூட்டலாமா? மாற்ற ஏலாததை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"மாமா, டெஸ்க்டொப்பைச் சாமான் சாமானாக வாங்கிப் பூட்டுகிற மாதிரி லெப்டொப்பையும் நாங்களே பூட்ட ஏலாதா?" எங்கள் திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற என் மருமகள் கேட்ட கேள்வி இது. கடையில் காட்டிய ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் திரை நல்லது, ஆனால் ராம், அதாவது வேலை நடக்கும்போது தரவைப் பிடித்துவைக்கிற நினைவகம், காணாது. இன்னொன்றில் ராம் இருக்கிறது, பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்காது. எல்லாம் சேர்ந்து இருப்பது அவளுடைய அப்பாவின் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. ஏலும் என்றுதான் நான் சொன்னேன், ஆனால் 'பூட்டுவது' என்ற சொல்லுக்கு லெப்டொப்பில் வேறு அர்த்தம். அதை அவளுக்கு ஒரு பின்னேரம் முழுக்க இருந்து விளங்கப்படுத்தினேன். அதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

டெஸ்க்டொப்பை ஏன் யாரும் பூட்டலாம் என்றால், அதற்கு ஒரு பொது அளவு இருக்கிறது. 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற அளவுத்திட்டம், எல்லாச் சாமானும் வந்து பொருந்துகிற பலகையான மதர்போர்டில் ஸ்குரூ ஓட்டை எங்கே வரவேண்டும், மின்சார வயர் எப்படிப் பொருந்தவேண்டும் என்றெல்லாம் தீர்மானித்துவிட்டது. அதனால் ஒரு கம்பனியின் போர்ட் இன்னொரு கம்பனியின் பெட்டிக்குள் அப்படியே போய் இருக்கும். லெப்டொப்புக்கு இப்படி எல்லாரும் ஏற்றுக்கொண்ட அளவு ஒன்று இல்லை. ஒவ்வொரு மொடலுக்கும் கூட்டின் வளைவு, விசிறியின் இடம், பற்றரியின் வடிவம், பிணைச்சலின் பாரம் எல்லாவற்றையும் பார்த்து அதற்கென்றே போர்டை வெட்டுகிறார்கள். ஒரே கம்பனியின் அடுத்த வருட மொடலின் போர்ட்கூட முதல் வருடக் கூட்டுக்குள் பெரும்பாலும் போகாது.

திருக்கடலூர்க் கரையில் ஃபைபர் போட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். போட்டின் உடலை யாரும் வீட்டில் செய்வதில்லை, செய்த உடலைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் பின்னால் எந்த எஞ்சின், எத்தனை குதிரை வலு, என்ன வலை, வழிகாட்டிக் கருவி வைப்பதா இல்லையா என்பதெல்லாம் அவரவர் தொழிலைப் பார்த்துச் செய்வது. கணவாய்க்குப் போகிறவரின் போட்டும் ஆழ்கடலுக்குப் போகிறவரின் போட்டும் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்று இல்லை. அதே நேரம் எந்த எஞ்சினைத் தாங்கும் என்பதை உடல்தான் தீர்மானிக்கிறது, சின்ன உடலில் பெரிய எஞ்சினைக் கட்டினால் பின்பக்கம் அமிழும். லெப்டொப்பைப் பூட்டுவதும் இப்படித்தான். உடலைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் மிச்சத்தை உங்கள் தேவைக்குத் தகுந்த மாதிரி, கையில் காசு வர வர, ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போகலாம்.

ஆகவே மாற்ற ஏலாதது எது என்று முதலில் பாருங்கள், உங்கள் கவனமும் காசும் அதற்குத்தான் முதலில் போகவேண்டும். மாற்ற ஏலுமானது இன்றைக்குக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கடையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கோப்புகளைச் சேமிக்கிற எஸ்எஸ்டி பெரிதாக இருக்கிறது என்று காட்டுகிறார்கள், நாங்களும் அதில் மயங்கி வாங்குகிறோம். எஸ்எஸ்டி நாளைக்கே மாற்றக்கூடிய சாமான்.

மாற்ற ஏலாததில் முதலாவது, லெப்டொப்பின் மூளையான புரொசசர். பழைய லெப்டொப்களில் சிலவற்றில் புரொசசரைக் கழற்றி வேறு போட முடியும், இன்டெல்லின் நான்காம் தலைமுறை வரைக்கும் அப்படி இருந்தது. அதற்குப் பிறகு வந்தவற்றில், சிப்பின் அடியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னச் சின்ன ஈயக் குண்டுகளை வைத்து உருக்கிப் போர்டோடு ஒட்டிவிடுகிறார்கள். வீட்டில் வைத்து அதைக் கழற்றுகிற யோசனையை விட்டுவிடுங்கள். பாவித்த லெப்டொப் வாங்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும். 'ஐ5' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எல்லாம் ஒன்று இல்லை. மெல்லிய லெப்டொப்களில் வருகிற யூ வகை ஐ5, ஏழாம் தலைமுறை வரை இரண்டு கோர்தான், கோர் என்றால் புரொசசருக்குள் ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்கிற பகுதி. 2017இல் வந்த எட்டாம் தலைமுறையில் அது நான்கு கோர் ஆனது. ஒரே பெயர், ஒரே நிற ஸ்டிக்கர், உள்ளே இரண்டு மடங்கு வித்தியாசம். விண்டோஸ் 11ஐ முறையாக ஏற்றுவதற்கும் இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் "ஏழாம் தலைமுறைதான், ஆனால் மலிவு" என்று யாராவது சொன்னால், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுகிற எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

புரொசசர் பெயரின் கடைசியில் வருகிற எழுத்தையும் பாருங்கள். யூ என்றால் ஏறக்குறைய 15 வாட் அளவில் ஓடும்படி செய்தது, சூடு குறைவு, பற்றரி தாங்கும். எச் என்றால் 45 வாட் அளவு, வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் கேம் விளையாடுகிறவர்களுக்கும் அது வேண்டும், ஆனால் பாரமும் விசிறிச் சத்தமும் சேர்ந்தே வரும்.

அடுத்தது ராம். இதில்தான் ஆட்கள் கூட ஏமாறுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் 8 ஜிபி ராம் உள்ள மெல்லிய லெப்டொப் ஒன்றை, பிறகு 16 ஆக்கலாம் என்று நினைத்து வாங்கினார். ஆறு மாதம் கழித்துப் புது ராமையும் வாங்கிக்கொண்டு வந்தார், இரண்டு பேரும் இருந்து பின்மூடியைக் கழற்றினால் உள்ளே ராம் செருகுகிற இடமே இல்லை. நான்கு கறுப்புச் சிப்புகள் போர்டோடு ஒட்டிக் கிடந்தன. அவர் அந்த ராமைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. இப்படி ஒட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புரொசசருக்கு மிகக் கிட்ட இருந்தால் குறைந்த மின்சாரத்தில் கூடிய வேகம் கிடைக்கும், கூடும் மெலியும். இந்த இரண்டு பக்கத்தையும் சேர்க்கத்தான் கேம்2 (CAMM2) என்று ஸ்குரூ வைத்துப் பூட்டுகிற ஒரு புது ராம் வகைக்கு 2023 டிசம்பரில் அளவுத்திட்டம் வெளியானது, ஆனால் அதோடு வருகிற லெப்டொப்கள் இன்னும் குறைவு. நாங்கள் வாங்குகிற விலையில் தேடவேண்டியது சோடிம் என்கிற, செருகிக் கழற்றக்கூடிய சின்ன ராம் தட்டுத்தான்.

வாங்குவதற்கு முன்னமே, மூடியைத் திறக்காமல் இதைக் கண்டுபிடிக்கலாம். விண்டோஸில் டாஸ்க் மனேஜரைத் திறந்து பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் மெமரியை அழுத்துங்கள். கீழே எத்தனை செருகுமிடத்தில் எத்தனை பாவனையில் இருக்கிறது என்று காட்டும், அதற்குப் பக்கத்தில் 'சோடிம்' என்று இருந்தால் நல்லது, 'ரோ ஒஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ஒட்டியது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மொடல் பெயரோடு சேர்த்து 'சேர்விஸ் மனுவல்' என்று தேடுங்கள். லெனோவோ, டெல், எச்பி போன்ற கம்பனிகள் தங்கள் அலுவலக மொடல்களுக்கு, எந்த ஸ்குரூவை எப்போது கழற்றவேண்டும் என்பது வரைக்கும் படத்தோடு கையேடு போட்டிருக்கிறார்கள். கையேடு கிடைக்காத மொடலை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

டிடிஆர்4 ராமும் டிடிஆர்5 ராமும் ஒன்றின் இடத்தில் மற்றது போகாது, முன்னதில் 260 ஊசி, பின்னதில் 262, நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறி இருக்கும். எஸ்எஸ்டியிலும் இப்படி ஒரு பொறி உண்டு. 22 மில்லிமீற்றர் அகலமும் 80 மில்லிமீற்றர் நீளமுமான எம்.2 தட்டில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை இருக்கிறது, பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். சாட்டா செக்கனுக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும், என்விஎம்இ அதைப் பல மடங்கு தாண்டும். சில போர்டுகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும், ஆகவே அதையும் கையேட்டில் பாருங்கள்.

சரி, உடலைப் பற்றிச் சொல்லியாயிற்று. ஆனால் எந்த உடல் என்று முடிவெடுக்க முதல் ஒரு கடதாசியை எடுத்து, ஒரு நாளில் லெப்டொப்பில் என்னென்ன செய்கிறீர்கள் என்று எழுதவேண்டும். மருமகளை அப்படித்தான் எழுத வைத்தேன். நிரல் எழுதுவது, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிப் பார்க்கிற மெய்நிகர் இயந்திரம், விரிவுரைப் பிடிஎஃப்கள், காலையில் பஸ்ஸில் கொண்டுபோய்ப் பின்னேரம் திரும்புவது, வளாகத்தில் எப்போதும் பிளக் பொயின்ட் கிடைக்காது. எழுதி முடித்ததும் விடை தானாக வந்துவிட்டது: ராம் 16 ஜிபி கட்டாயம், பிறகு 32 ஆக்க இடம் வேண்டும், பற்றரி நாள் முழுக்கத் தாங்கவேண்டும், படங்களை ஓட்டுகிற பெரிய கிராஃபிக்ஸ் சிப் தேவையில்லை. டவுனில் கலியாண வீடியோ செய்கிற ஒருவர் இதே கடதாசியை எழுதினால் வேறு லெப்டொப் வரும். அவருக்கு எச் வகைப் புரொசசர், தனிக் கிராஃபிக்ஸ், நிறம் சரியாகக் காட்டுகிற திரை வேண்டும், பற்றரியை அவர் கடைசியில் பார்த்தால் போதும். ரியூசன் வகுப்புக்குக் குறிப்புத் தட்டச்சு செய்கிற ஆசிரியருக்கு 8 ஜிபியே தாராளம், அவர் காசைக் கீபோர்டிலும் திரையிலும் போடவேண்டும். ரெங்கநாதன் என்கிற தமிழ் விசைப்பலகையில் விரல் பழகினவர்களுக்குக் கீபோர்ட் மோசமாக இருந்தால் அந்த லெப்டொப்பே வெறுத்துப்போகும்.

மருமகளுக்கு நாங்கள் எடுத்தது 2018இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480, பாவித்தது. அதில் எட்டாம் தலைமுறைப் புரொசசர், இரண்டு சோடிம் இடம், கழற்றக்கூடிய எஸ்எஸ்டி, எல்லாவற்றுக்கும் கையேடு. என்னைக் கவர்ந்தது பற்றரிதான். உள்ளே 24 வாட்-மணி பற்றரி ஒன்று, வெளியே கழற்றக்கூடியது இன்னொன்று. வெளியே போடுவதில் 24, 48, 72 என்று வகை உண்டு. உள்ளே உள்ளது லெப்டொப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியே உள்ளதைக் கழற்றி வேறொன்று மாட்டலாம், அணைக்கத் தேவையில்லை. கணக்கு மிகவும் எளிது, பற்றரியின் வாட்-மணியை லெப்டொப் இழுக்கிற வாட்டால் வகுத்தால் எத்தனை மணித்தியாலம் என்று வரும். எழுதுவது வாசிப்பது போன்ற வேலைக்கு 10 வாட் போகிறது என்று வையுங்கள், 24ம் 72ம் சேர்ந்த 96 வாட்-மணி ஒன்பது மணித்தியாலத்தைத் தாண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின நாட்களில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அதனால்தான் எங்கள் ஊரில் இருந்து ஒருவர் லெப்டொப் கேட்டு வந்தால் வேகத்துக்கு முன் வாட்-மணியைக் கேட்கிறேன்.

பாவித்ததை வாங்கும்போது, கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மூன்று விஷயத்தைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் போய் வாங்கி, இரவு ரெயிலில் திரும்பி வந்து இங்கே வைத்துத் திறந்து பார்த்துக் கவலைப்பட்டுப் பிரயோசனம் இல்லை. விண்டோஸ் தொடங்க முன் திறக்கக்கூடிய அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போய்ப் பாருங்கள், வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து வந்தவற்றில் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருப்பார்கள், அப்படி இருந்தால் வேண்டாம். விண்டோஸில் பற்றரி அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள், செய்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போது நிரம்புகிற கொள்ளளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். அப்புறம் ஒரு வெள்ளைப் படத்தைத் திரை முழுக்கப் போட்டுப் பாருங்கள், கறையோ கோடோ இருந்தால் உடனே தெரியும்.

இனிக் கழற்றுகிற வேலை. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அவசரப்படக்கூடாது. லெப்டொப்பை அணைத்து, சாஜரைக் கழற்றி, வெளிப் பற்றரியை எடுத்து, உள்ளே உள்ள பற்றரியைப் பயோஸில் இருந்தே நிறுத்திவைக்க வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் விழுந்த ஸ்குரூ கண்ணில் படும். டி480இன் பின்மூடி ஸ்குரூக்கள் முழுவதும் கழன்று வராது, மூடியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும், தொலைக்கிற பயமில்லை. பிறகு பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைப் பிணைச்சல் பக்கத்து இடைவெளியில் விட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் டக், டக் என்று கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். முதல் சத்தத்துக்கு மருமகள் உடைந்துவிட்டது என்று கையை எடுத்துவிட்டாள். கொக்கி விடுகிற சத்தம் அப்படித்தான் இருக்கும்.

ராமைப் போடும்போது நேராக அழுத்தக்கூடாது. முப்பது பாகை அளவில் சரித்துப் பிடித்து, தங்க நிறப் பற்கள் கிட்டத்தட்ட முழுக்க மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்கினால் இரண்டு பக்க வெள்ளிக் கொக்கியும் வந்து பிடிக்கும். ஒரு 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி போட்டால், புரொசசரோடு சேர்ந்து வருகிற கிராஃபிக்ஸ் வேகமாக ஓடும், இரண்டு பாதையில் தரவு போவதால். எல்லாம் பூட்டி முதல் தடவை போடும்போது திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கும், புது ராமை அது அளந்து பார்க்கிறது. பயந்து பவர் பட்டனை அமுக்காமல் காத்திருங்கள்.

திரை மாற்றுவது மட்டும் வேறு விதமான வேலை. மலிவுத் திரைகள் பல 1366 க்கு 768 புள்ளிகள் உள்ளவை. 1920 க்கு 1080க்குப் போனால் புள்ளிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், நிரல் எழுதுகிறவர்களுக்கும் தமிழ் வாசிக்கிறவர்களுக்கும் கண்ணுக்கு அது பெரிய ஆறுதல், 'ணி'யும் 'ளி'யும் தெளிவாக நிற்கும். வாங்கும்போது பின்பக்கம் உள்ள இணைப்பு 30 ஊசியா 40 ஊசியா, பிடிக்கிற காதுகள் எங்கே இருக்கின்றன என்று பழைய பெனலின் பின்னால் உள்ள எண்ணை வைத்துப் பொருத்திப் பாருங்கள். நான் முதன்முதல் திரை மாற்றியபோது பற்றரி இணைப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். திரை வயரைச் செருகும்போது ஊசி ஒன்றோடு ஒன்று பட்டு, போர்டில் கடுகளவு இருக்கிற ஃபியூஸ் போய்விட்டது. படம் இருந்தது, வெளிச்சம் இல்லை, டோர்ச் அடித்துப் பார்த்தால்தான் எழுத்துத் தெரிந்தது. அந்தப் ஃபியூஸை மாற்ற ஆள் தேடி இரண்டு கிழமை அலைந்தேன். அதனால் சொல்கிறேன், பற்றரியின் இணைப்பைக் கழற்றாமல் திரை வயரில் கை வைக்கவேண்டாம்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு, அது உப்புக் காற்று. டச் பே கடற்கரைப் பக்கத்தில் கடலைப் பார்த்த வீடொன்றில் இருந்து வந்த லெப்டொப்பைத் திறந்தேன், விசிறிக்குப் பக்கத்து ஸ்குரூ துருப்பிடித்து, யூஎஸ்பி இணைப்பின் செம்பில் பச்சை பூத்திருந்தது. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம்தான் உலோகத்தைத் தின்கிறது. விசிறி அந்தக் காற்றை நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. கடற்கரையில் இருப்பவர்கள் லெப்டொப்பை யன்னலோரம் திறந்தபடி இரவில் விடாதீர்கள், மூடிப் பைக்குள் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை திறந்து தூசியை எடுத்து, இணைப்புகளை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்தால் போதும். மாரி காலத்தில் இடி முழங்கும்போது சாஜரைச் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள், அதற்குத்தானே பற்றரி.

உண்மையாகவே சாமான் சாமானாகப் பூட்டக்கூடிய லெப்டொப் உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. ஃப்ரேம்வேர்க் என்ற அமெரிக்கக் கம்பனி 2021இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்க ஆரம்பித்தது. ராம், எஸ்எஸ்டி இல்லாமல் வாங்கி நாமே போடலாம், சில வருடம் கழித்துப் புதுப் புரொசசர் வந்தால் மதர்போர்டை மட்டும் வாங்கி அதே கூட்டில் மாற்றலாம், பழைய போர்டைத் தனிக் கணினியாக ஓட்டலாம். பக்கத்தில் உள்ள யூஎஸ்பி, எச்டிஎம்ஐ இணைப்புகளைக்கூடத் தீப்பெட்டியிலும் சின்னத் துண்டுகளாகக் கழற்றிச் செருகலாம். கனடாவில் மாமாவோ சித்தியோ இருக்கிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம், மேலதிகப் பற்றரியை விமானத்தில் கொண்டுவருகிறவர்கள் கையோடு கொண்டுபோகிற பையில்தான் வைக்கவேண்டும், 100 வாட்-மணியைத் தாண்டினால் விமானக் கம்பனியின் அனுமதியும் வேண்டும். பெர்லினில் செய்கிற எம்என்டி ரிஃபோர்ம் இன்னும் ஒரு படி மேலே, வரைபடம் முழுக்கத் திறந்தே இருக்கிறது, பற்றரி எட்டுத் தனித்தனி உருளைகள், ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மாற்றலாம். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினிப் போர்டை வைத்து லெப்டொப் செய்வதும் உண்டு, படிப்பதற்கு அருமை, தினசரி வேலைக்கு நான் சொல்லமாட்டேன்.

மருமகளின் டி480இல் இப்போது 16 ஜிபி இருக்கிறது, திரை இன்னும் பழைய 1366தான். புதுப் பெனல் கொழும்பில் இருந்து வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறது. இந்த முறை தான்தான் கழற்றுவேன், நான் பக்கத்தில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். பற்றரி இணைப்பைக் கழற்றுகிற படத்தைக் கையேட்டில் இருந்து எடுத்து ஏற்கெனவே ஃபோனில் வைத்திருக்கிறாள்.